எழுத்து போனால் எதைப் பார்ப்பது, எதை நம்பக்கூடாது

பக்கவாதம் வந்தவருக்கு எழுத வரவில்லை என்றால், 'கை விழுந்துவிட்டது, அதனால்தான்' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கை நன்றாக இருக்கும்போதே எழுத்து மட்டும் போய்விடுவதும் உண்டு. போனில் தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள். அதிலும் எழுத்துகள் குழம்பினால் கையை மட்டும் குறை சொல்ல முடியாது, மூளையில் எழுதும் திறனே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

'கையெழுத்து போடுகிறாரே!' என்று நிம்மதி அடைவது அடுத்த தவறு. கையெழுத்து ஆண்டுக்கணக்கில் பழகிய ஓர் அசைவு, மற்றதெல்லாம் போனாலும் அது தங்கிவிடலாம். பார்த்து எழுதுவதையும் நம்பாதீர்கள், பார்த்து வரைந்தாலே போதுமே. நாம் சொல்ல, அவர் எழுத வேண்டும். எழுதியதை வாசிக்கவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதில்லை. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் தெஜெரின் 1892இல் விவரித்த நோயாளி எழுதுவார், ஆனால் தான் எழுதியதையே அவரால் வாசிக்க முடியாது.

மூளை பாதிப்பால் எழுத்து போவதைப் பற்றிப் பேசும்போது பலர் சறுக்குவது ஜப்பானிய எழுத்து விஷயத்தில்தான். அங்கே ஒரே வாக்கியத்தில் இரண்டு வகை எழுத்துகள் கலந்து வரும். கானா ஒலியைக் குறிப்பது. அதில் ஹிரகானா, கத்தகானா என இரு வரிசைகள், அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் 46. கான்ஜி சீனத்திலிருந்து வந்தது, பொருளையும் சேர்த்துக் குறிப்பது, அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன. மூளையின் இடது பொட்டு மடலின் (காதை ஒட்டிய பகுதியின்) பின்பக்க அடிப்பகுதி சேதமானவர்களில் சிலருக்கு கான்ஜி எழுத வராது, அதே சொல்லை கானாவில் தடுமாறாமல் எழுதிவிடுவார்கள். இதற்கு நேரெதிராக, கான்ஜி நிற்க கானா தடுமாறுவதும் பதிவாகியிருக்கிறது. ஆக, கானாவில் மட்டும் சோதித்துவிட்டு 'எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வது அரைகுறைத் தீர்ப்பு.

இதிலிருந்து சிலர் ஒரு கதை கட்டுவார்கள்: கான்ஜி படம் மாதிரி, எனவே வலது மூளை, கானா ஒலி, எனவே இடது மூளை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இப்போது சொன்ன பாதிப்பே இடது பக்கத்தில்தானே! தவிர, பெரும்பாலான கான்ஜிகளில் உச்சரிப்பைக் காட்டும் உறுப்பும் உண்டு, அவை வெறும் படங்கள் அல்ல. (தட்டச்சுப் பழக்கத்தால் ஜப்பானியர்களுக்குச் சில கான்ஜிகள் கையால் எழுத மறந்துபோகின்றன. அதை மூளைக் காயத்தோடு சேர்க்க வேண்டாம்.)

தமிழும் ஆங்கிலமும் எழுதியவரை இரண்டிலுமே சோதிக்க வேண்டும். சொற்களின் எழுத்துக்கூட்டல் நினைவு போய், ஒலியை வைத்தே எழுதுபவர் ஆங்கிலத்தில் சீக்கிரம் மாட்டிக்கொள்வார். தமிழில் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம், 'மழை' 'மளை' ஆகும்போதுதான் தெரியும். அப்போதும் அவசரப்படாதீர்கள், முன்பே அப்படி எழுதியவராக இருக்கலாம். பழைய கணக்கு நோட்டையோ கடிதத்தையோ டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

வலது மூளை பாதித்தவர் தாளின் இடது பாதியை அப்படியே விட்டுவிட்டு வலது ஓரத்தில் எழுதலாம். அது அலட்சியம் இல்லை, அந்தப் பக்கம் அவர் கவனத்துக்கே வருவதில்லை.

அப்புறம், காலையில் நன்றாக எழுதியவர் மதியம் திடீரென்று திணறினால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கவே கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.