ஸ்க்ரமா, கான்பனா, வாட்டர்ஃபாலா?

மென்பொருள் வேலையை நடத்தும் இந்த மூன்று முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளரின் தேவை எவ்வளவு நாள் மாறாமல் நிற்கும் என்பதை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கட்டிங் முதல் பேக்கிங் வரை கணக்கு வைக்கும் மென்பொருள் என்றால், திரையைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கே தேவை தெளிவாகும். அங்கே, சிறு சுற்றுகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் ஸ்க்ரம் எடுங்கள்: 2 வார ஸ்பிரின்ட் (ஒரு வேலைச் சுற்று), 10 பேருக்குள் குழு, தினமும் 15 நிமிடக் கூட்டம். ஸ்பிரின்ட் முடிவில், ஓடுகிற மென்பொருளைத் தையல் லைன் சூப்பர்வைசரிடமே காட்டுங்கள். ஸ்க்ரம் பெரும்பாலும் கவிழ்வது, வாடிக்கையாளர் தரப்பில் முடிவு சொல்ல ஆளே இல்லாதபோது, அல்லது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது. ப்ராடக்ட் ஓனர், அதாவது எது வேண்டும் என்று முடிவு சொல்பவர், ஒருவர்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பராமரிப்பு வேலைக்குக் கான்பன்: ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாகப் பலகையில் வைத்து, ஒரே நேரத்தில் நடக்கும் வேலைக்கு வரம்பு போடும் முறை. ஜிஎஸ்டி தாக்கல் நாள் நெருங்கினால் புகார்கள் குவியும். 2 வாரத் திட்டம் தாங்காது. நான்கு பேர் குழுவுக்கு, நடப்பு வேலை 4 முதல் 6 அட்டைக்குள் இருக்கட்டும். வரம்பு நிறைந்தால் புதிது எடுக்காமல், தேங்கியதை முடிக்கக் கை கொடுங்கள். வரம்பு இல்லாத பலகை வெறும் பட்டியல்தான்.

கோவை பம்ப் ஆலையின் சோதனைக் கருவிக்கான மென்பொருளுக்கு, விவரங்கள் முன்பே உறுதியாகியிருந்தால், ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால் தப்பில்லை. சென்சார் இணைப்பை மட்டும் முதல் மாதத்திலேயே சோதியுங்கள். கடைசியில் கோளாறு தெரிந்தால் வடிவமைப்பையே பிரிக்க வேண்டிவரும்.