வேலையிலிருந்து பல் மருத்துவத்துக்கு: அமெரிக்காவில் அறிவியல் பாடங்களைத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல் மருத்துவம் என்பது பொதுவாகப் பட்டம் வாங்கிய பிறகு படிக்கிற படிப்பு. பிளஸ் டூ முடித்த கையோடு பி.டி.எஸ். சேர்வது மாதிரி அங்கே முடியாது. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அது கணக்கியலாக இருந்தாலும் சரி, வரலாறாக இருந்தாலும் சரி. கூடவே கல்லூரிகள் கேட்கும் அறிவியல் பாடங்களைத் தனியே முடித்திருக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். முடிவில் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம், பெயர்தான் வேறு, இரண்டும் ஒன்றே.

முப்பது வயதுக்கு மேல் ஐ.டி. வேலையையோ வங்கி வேலையையோ விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. வயது அவ்வளவாகத் தடையில்லை. சறுக்குவது, சேர்வதற்கு முன் முடிக்க வேண்டிய இந்த முன்தேவைப் பாடங்களைத் திட்டமிடும் இடத்தில். அதிலும் படிப்பில் கெட்டிக்காரர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். எதைக் கொடுத்தாலும் படித்துவிடலாம் என்ற தைரியத்தில், எந்தப் பாடம், எந்தக் கல்லூரியில், எந்த வரிசையில் என்று பார்க்காமலே பதிவு செய்துவிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்கள் மறுபடி ஜெனரல் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஐ.என்.பி.டி.இ. என்ற பல் மருத்துவத் தேசியத் தேர்வை எழுதி, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கென்றே உள்ள அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதே அவர்களுடைய வழி. அதற்கு ‘கேப்பிட்’ என்று தனி விண்ணப்ப முறை இருக்கிறது. இது தெரியாமல் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் பணத்தையும் ஒரு வருடத்தையும் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் ஒன்று, பாடம் வேறு

பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ஏறத்தாழ இதுதான் (கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் சுமையைக் குறிக்கும் அளவு): உயிரியல் 8 செமஸ்டர் கிரெடிட், ஜெனரல் கெமிஸ்ட்ரி 8, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 8, இயற்பியல் 8, இவை எல்லாம் லேப் சேர்த்து. பயோகெமிஸ்ட்ரி 3, ஆங்கிலம் 6. இதற்கு மேல் மைக்ரோபயாலஜி, அனாட்டமி, பிசியாலஜி, சில இடங்களில் புள்ளியியல் என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆர்கானிக் ஒரு செமஸ்டரும் பயோகெமிஸ்ட்ரியும் போதும் என்கிற கல்லூரிகளும் உண்டு. ஆகவே எல்லோருக்கும் பொதுவான பட்டியல் என்று ஒன்று இல்லை. நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளின் பட்டியல்தான் உங்கள் பட்டியல்.

அதிகம் நடக்கிற, அதிகம் செலவு வைக்கிற தவறு, தவறான வகுப்பில் சேர்வது. கம்யூனிட்டி காலேஜில் ‘கெமிஸ்ட்ரி’ என்ற பெயரில் மூன்று நான்கு வகுப்புகள் இருக்கும். ஒன்று நர்சிங் மாணவர்களுக்கு, ஒன்று அறிவியல் படிக்காதவர்களுக்கு, ஒன்று அறிவியலையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு. பல் மருத்துவக் கல்லூரிகள் ஏற்பது கடைசி வகையை. அதற்கு அடையாளம்: இரண்டு செமஸ்டர் தொடர், லேப், சேர்வதற்கு முன்பே இவ்வளவு கணிதம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மாலை நேரத்தில் வசதியாக, கணித நிபந்தனை எதுவும் இல்லாமல், ஒரே செமஸ்டரில் முடிகிற கெமிஸ்ட்ரி என்றால் சந்தேகப்படுங்கள்.

உயிரியலிலும் இதே குழப்பம்தான். ‘அனாட்டமி அண்ட் பிசியாலஜி’ இரண்டு பகுதிகளையும் முடித்துவிட்டால் உயிரியல் 8 கிரெடிட் ஆகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். ஆகாது. பல கல்லூரிகளில் அது அனாட்டமி, பிசியாலஜி கணக்கில்தான் போகும். பொது உயிரியல் ஒன்று, இரண்டு தனியே வேண்டும். இயற்பியலில் மட்டும் நிலைமை தலைகீழ். கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் எடுத்தால் மதிப்பு கூடும் என்று பொறியாளர்கள் வீம்புக்கு எடுப்பதுண்டு. அல்ஜீப்ரா அடிப்படையிலான இயற்பியலே பொதுவாகப் போதும். அந்த வீம்பில் ஒரு பி கிரேடு வாங்குவதைவிட இங்கே ஏ வாங்குவது மேல்.

கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் செமஸ்டருக்குப் பதில், அதைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை வைத்திருக்கும் கல்லூரிகள் பல. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்து கிரெடிட் வகுப்பு இரண்டு எடுத்து, பத்து வந்துவிட்டது என்று நிறுத்தினால் செமஸ்டர் கணக்கில் 6.67தான். மூன்று குவார்ட்டர் தொடரை மூன்றாவதும் முடித்தே தீர வேண்டும்.

மூன்று வருடக் கணக்கு

‘மொத்தமே பத்துப் பன்னிரண்டு வகுப்பு, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம்’ என்ற கணக்கு எதனால் தப்பாகிறது என்று பார்ப்போம். வேதியியல் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஜெனரல் ஒன்று, ஜெனரல் இரண்டு, ஆர்கானிக் ஒன்று, ஆர்கானிக் இரண்டு, பிறகு பயோகெமிஸ்ட்ரி. முந்தியதை முடிக்காமல் அடுத்ததில் பதிவு செய்ய கணினி விடாது. பணத்தாலோ உழைப்பாலோ சுருக்க முடியாத நீளம் இது. மற்ற பாடங்களை எல்லாம் இதன் பக்கவாட்டில் அடுக்க வேண்டும்.

2026 ஆகஸ்டில் தொடங்குபவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜெனரல் ஒன்று. 2027 வசந்தத்தில் ஜெனரல் இரண்டு. 2027 ஆகஸ்டில் ஆர்கானிக் ஒன்று, 2028 வசந்தத்தில் ஆர்கானிக் இரண்டு. மே மாதம் ஆர்கானிக் முடிந்ததும் டி.ஏ.டி. நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் போவது ஆட்சாஸ் என்ற மையப்படுத்தப்பட்ட அமைப்பு வழியாக. அது ஆண்டுதோறும் மே மாதம் திறக்கிறது, ஜூன் வாக்கில் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்குகிறது. 2028 கோடையில் விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது 2029 படிப்புக்கு. தொடங்கிய நாளிலிருந்து முழுதாக மூன்று வருடம்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக்கும் இடையே ஒரு வருடம் முழுக்கக் காலியாக இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, இயற்பியல் இரண்டாம் பகுதி ஆகியவற்றை அந்த வருடத்தில் முடித்தால் போதும். எடுக்கப் போகும் பாடங்களை விண்ணப்பத்திலேயே குறிப்பிட இடம் உண்டு. சேர்வதற்கு முன் முடித்திருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று காத்திருப்பவர்கள் ஒரு வருடத்தை வெறுமனே கொடுத்துவிடுகிறார்கள்.

எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதற்கு டி.ஏ.டி.யே வழிகாட்டும். அதன் அறிவியல் பகுதியில் 100 கேள்விகள்: உயிரியல் 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. இயற்பியலில் ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் திரும்ப வரும் மாணவர்கள், குறிப்பாகப் பொறியியல் பின்னணியுள்ளவர்கள், தெரிந்த பாடமாயிற்றே என்று முதல் செமஸ்டரிலேயே இயற்பியலை எடுத்து, உயிரியலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். தேர்வு நெருங்கும்போது, நாற்பது கேள்வி வரும் பாடம் பாதியில் நிற்கிறது. (டி.ஏ.டி. மதிப்பெண் முறை 2025இல் மாறியது. பழைய 30க்கு இத்தனை என்ற கணக்கு போய், இப்போது 200 முதல் 600 வரை. ‘20க்கு மேல் வாங்கினால் போதும்’ என்று யாராவது சொன்னால் அது பழைய அறிவுரை.)

ஆர்கானிக்கை எட்டு வாரக் கோடை வகுப்பில் முடித்துவிடும் ஆசையும் வரும். வேலையில் இருந்துகொண்டே என்றால் வேண்டாம். முதல் செமஸ்டரில் நான்கு அறிவியல் பாடங்களை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். பத்து வருடம் கழித்து வகுப்புக்குத் திரும்புகிறவருக்கு, ஒரு கெமிஸ்ட்ரி, ஒரு உயிரியல், இரண்டின் லேப் என்றாலே வாரம் நிறைந்துவிடும். லேப் மூன்று மணி நேரம் என்றால் அதற்குப் பின்னால் அறிக்கை எழுத இன்னொரு மாலை போகும்.

இடம் கிடைப்பதும் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கும் டிகிரி திட்டத்தில் சேராதவர்களுக்கும் பல கல்லூரிகளில் பதிவு வாய்ப்பு கடைசியில்தான் வரும். அதற்குள் லேப் இடங்கள் நிரம்பிவிடும். ஆர்கானிக் ஒன்றை ஆகஸ்டில் மட்டுமே நடத்துகிற சிறிய கல்லூரியில் ஒரு இடத்தைத் தவறவிட்டால் போவது ஒரு வருடம். பதிவு திறக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதும், பக்கத்துக் கல்லூரியில் அதே பாடம் மாற்றாக இருக்கிறதா என்று பார்த்து வைப்பதும் கட்டாயம்.

பழைய மதிப்பெண் அழியாது

பழைய பாடத்தைத் திரும்பப் படித்து ஏ வாங்கினால் பழைய டி போய்விடும் என்று நம்புகிறவர்கள் பலர். நீங்கள் படித்த கல்லூரி அப்படிச் செய்யலாம். ஆட்சாஸ் செய்யாது. இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே ஜி.பி.ஏ., அதாவது 4.0ஐ உச்சமாகக் கொண்ட கிரேடு சராசரியைக் கணக்கிடும். எனவே மாற்றுவதற்கு வழி, மேலே மேலே நல்ல கிரேடுகளைக் குவிப்பது மட்டும்தான். அதுவும் எவ்வளவு மெல்ல நகரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட் 2.7 சராசரியில் இருக்கிறது. புதிதாக 40 கிரெடிட் எல்லாவற்றிலும் 4.0. மொத்தம் 3.03தான் வரும். சேர்பவர்களின் சராசரி 3.6ஐ ஒட்டி இருக்கும் துறை இது.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. அறிவியல் பாடங்களுக்குத் தனி ஜி.பி.ஏ.யும் கணக்கிடப்படுகிறது. வணிகவியல் படித்தவருக்குப் பழைய அறிவியல் 16 கிரெடிட் 2.0 சராசரியில் இருந்திருந்தால், புதிய 40 கிரெடிட் அதை 3.43க்குத் தூக்கிவிடும். முன்பு அறிவியலே அதிகம் படிக்காதது இங்கே அனுகூலம். அதே காரணத்தால் புதிதாக வரும் ஒவ்வொரு பி-யும் பெரிதாகத் தெரியும்.

டி, சி மைனஸ் ஆகியவற்றை மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும். பொதுவாகக் கல்லூரிகள் குறைந்தது சி கேட்கின்றன. பழைய சி-யை என்ன செய்வது என்பதில் என் கருத்து: அதையே திரும்பப் படிப்பதைவிட அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றில் ஏ வாங்குவது பலமான பதில். ஜெனரல் கெமிஸ்ட்ரியில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய சி இருக்கிறதா, பயோகெமிஸ்ட்ரியில் ஏ எடுத்துக் காட்டுங்கள். ஆனால் பழைய பாடம் செல்லுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகள் ஐந்து, ஏழு அல்லது பத்து வருடத்துக்கு உட்பட்ட பாடங்களை மட்டும் ஏற்கின்றன. சில, பாடம் எவ்வளவு பழையது என்றே பார்ப்பதில்லை.

டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. ‘அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்’ என்ற மாநிலச் சட்டப்படி, பத்து ஆண்டுகளுக்கு முந்திய கிரெடிட்களை அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் பொறுக்கியெடுக்க முடியாது. கெட்டதைத் தள்ளும்போது நல்லதும், அதில் வாங்கிய பட்டமுமே போகும். அதனால் வெகு சிலருக்குத்தான் பயன்படும்.

படித்த கல்லூரி ஒவ்வொன்றின் டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியலும்) போக வேண்டும். ஒரே ஒரு கோடை வகுப்பு, பாதியில் விட்டது, உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் எடுத்தது, எதுவானாலும். மறைத்தால் தெரியவராது என்று யாரும் நம்ப வேண்டாம்.

இந்தியப் பட்டத்தோடு வருபவர்கள்

பி.இ. முதலாண்டில் படித்த என்ஜினியரிங் பிசிக்ஸ், என்ஜினியரிங் கெமிஸ்ட்ரியை வைத்து இரண்டு முன்தேவைகளைத் தீர்த்துவிடலாம் என்ற யோசனை நம்மவர்களிடம் அடிக்கடி வரும். பல கல்லூரிகளில் எடுபடாது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு வாங்குவது அவசியம். ஆனால் அது உங்களிடம் பட்டம் இருக்கிறது என்று நிறுவத்தான் பெரும்பாலும் உதவும். முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. சில கல்லூரிகள் இங்கே இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரம்பும் வைக்கின்றன. அறிவியல் பாடங்களின் 40 கிரெடிட்டோடு அது தீராமல் போகலாம். இதை இரண்டாவது வருடத்தில் கண்டுபிடிப்பது கொடுமை.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் தனி அனுமதியின்றிப் படிக்கலாம். ஆனால் மத்திய அரசின் கல்விக் கடன் பெரும்பாலும் கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருப்பவர்களுக்குத்தான். அந்தத் தகுதி உள்ளவர்களுக்குமே முன்தேவைப் பாடங்களுக்கான கடன் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்கு மட்டும் உண்டு. மூன்று வருடத் திட்டத்தில் எந்த 12 மாதத்துக்கு அதை வாங்குவது என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். பல் மருத்துவப் படிப்புக்கான கடனும் முன்போல் இல்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது; தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பதே வரம்பு. பல தனியார் கல்லூரிகளில் இது கட்டணத்துக்கே போதாது. அதனால் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக முடிக்கும் ஆசை நியாயமானதே. உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகள் அதை ஏற்கின்றனவா, எத்தனை கிரெடிட் வரை ஏற்கின்றன என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரி, உயிரியலை அங்கே முடித்துவிட்டு ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரியை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் எடுப்பது பலருக்கும் ஒத்துவருகிற ஏற்பாடு.

பரிந்துரைக் கடிதத்தையும் இதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். பல கல்லூரிகள் இரண்டு அறிவியல் பேராசிரியர்களின் கடிதம் கேட்கின்றன. பழைய மேலாளரின் கடிதம் அதற்கு ஈடாகாது. 300 பேர் உட்காரும் வகுப்புகளாகவே தேர்ந்தெடுத்தால் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. ஒரு பாடமாவது சிறிய வகுப்பில் எடுங்கள். கிரேடு வந்த வாரத்திலேயே கடிதம் கேளுங்கள். பகுதிநேர ஆசிரியர்கள் அடுத்த வருடம் அதே கல்லூரியில் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

சந்தேகமான பாடம் எதுவானாலும் பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இந்தப் பாடம் செல்லுமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்’ என்றுதான் பதில் வரும். கல்லூரியின் பெயர், பாட எண், கிரெடிட், லேப் நேரடியா ஆன்லைனா, எந்த முன்தேவைக்காக எடுக்கிறீர்கள், எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு என்று எழுதி, பாடத்திட்டத்தையும் இணைத்து அனுப்பினால் ஆம் அல்லது இல்லை என்று பதில் கிடைக்கும். அந்தப் பதிலைச் சேமித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு ஆண்டும் புதிய சேர்க்கை விதிகள் வெளியானதும் அதே கல்லூரிகளின் பக்கங்களை மறுபடி ஒருமுறை படியுங்கள்.