மார்க் இருந்தும் இடம் போவது ஏன்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு அனுப்ப உதவுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைக்கு விண்ணப்பம், சான்றிதழ், கவுன்சலிங் எல்லாம் சொல்லித்தர ஓர் ஆசிரியரோ, ஊர் அண்ணனோ, அக்காவோதான் இருப்பார்கள். கணக்கில் மார்க் குறைந்து இடம் போனால் அடுத்து என்ன என்று யோசிக்கலாம். ஒரு காகிதத்துக்காகவோ தேதிக்காகவோ போனால் அது உதவ வந்தவர்கள் விட்ட பிழை.

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெரிய தவறு, பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஸ்பான்சர் பிடித்து, கோச்சிங் கிடைக்கும் என்று பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்ப்பது. தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு 2020 முதலும் பொறியியலுக்கு 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டமான ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு.) இரண்டு வருடம் வெளியே போனால் அந்த உரிமை திரும்ப வராது. ஐ.ஐ.டி. கிடைக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றிருந்த வலுவான மாற்று வழியும் அதோடு அடைபடும். கோச்சிங்கைப் பள்ளிக்கு வெளியே மாலையிலோ ஆன்லைனிலோ ஏற்பாடு செய்யுங்கள், டி.சி. வாங்க வேண்டாம். இன்னொன்று, இந்த 7.5 சதவீதம் மாநில ஒதுக்கீடு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கவுன்சலிங்கில் செல்லாது. முதல் பட்டதாரி சான்றிதழும் அப்படித்தான்.

அங்கே கேட்பது வேறு காகிதம். நம் பிள்ளைகளிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை வைத்து மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. இடம் கேட்க முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யிலேயே வசதி மிகுந்தவர்கள்) வராதவர் என்று தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது, சாதி மாநிலப் பட்டியலில் இருந்தால் போதும் என்று நினைப்பது. மத்தியப் பட்டியலிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, தேதி. என்.ஐ.டி.க்கான நுழைவுத் தேர்வாகவும் ஐ.ஐ.டி.க்கு முதல் படியாகவும் உள்ள ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத்துக்காக நவம்பரில் வாங்கிய சான்றிதழ் ஜூன் கவுன்சலிங்கில் எடுபடாது. அந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று எந்த மேசையில் நிற்கிறது என்று விடாமல் பாருங்கள். ஜூனில் ஓடினால் வராது. வருமானச் சான்றிதழையும் அந்தக் கையோடு வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வருவது அடுத்த தவறு. கடைக்காரர் தன் மெயிலையும் தன் செல் நம்பரையும் போட்டு நிரப்பிவிடுவார். ஆறு மாதம் கழித்து ஓ.டி.பி. அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். மாணவர் பெயரிலேயே மெயில் தொடங்கி, பாஸ்வேர்டு, விண்ணப்ப எண், பதிவு செய்த நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதவையுங்கள். ரீசார்ஜ் இல்லாமல் அடிக்கடி நின்றுபோகும் நம்பர் வேண்டாம். இனிஷியலும் நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் 'முருகன் ச' என்றும் ஆதாரில் 'முருகன் சண்முகம்' என்றும் இருந்தால் சரிபார்ப்பில் மாட்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

மொழி விஷயத்தில் பாதிதான் பலருக்குத் தெரியும். ஜே.இ.இ. மெயின் வினாத்தாள் தமிழிலும் உண்டு, விண்ணப்பத்தில் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு உந்தம் தெரியும். மொமன்டம் என்று வினாத்தாளில் பார்த்ததும் கை நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்திலிருந்தே இரண்டு சொல்லையும் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் தள்ளிவிட முடியாது, ஜே.இ.இ.யில் கிட்டத்தட்ட பாதி அங்கிருந்துதான் வருகிறது.

பணத்தைக் கடைசி நாளில் புரட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. 2024இல் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய், கெடு ஜூன் 24 மாலை 5 மணி. பணம் சேரும்போது நேரம் நெருங்கிவிட்டது, கட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அந்த வருடம் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைக்கும் உச்ச நீதிமன்றம் வராது. மே மாதத்துக்குள் அந்தத் தொகை வங்கிக் கணக்கில் இருக்கட்டும். ஆன்லைன் பரிமாற்ற வரம்பு அதற்குப் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

"ஐ.ஐ.டி. ஃபீஸ் நமக்கு ஆகாது" என்று அப்பா பின்வாங்குவது பெரும்பாலும் விவரம் தெரியாததால்தான். பி.டெக். டியூஷன் கட்டணம் செமஸ்டருக்கு ஒரு லட்சம் என்பது உண்மை. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் முழுத் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஹாஸ்டல், மெஸ் செலவு தனி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்.சி., எய்ம்ஸில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்பதாக 2022-23 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் எதுவானாலும் பணம் மாணவர் கணக்குக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். ரயில் டிக்கெட், மெஸ் அட்வான்ஸ், போர்வை, பக்கெட் எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். ஸ்பான்சர் பணத்தை அதற்கு ஒதுக்கினால் உருப்படியாக இருக்கும்.

கவுன்சலிங்கில் கல்லூரியையும் பாடப் பிரிவையும் வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில், பொது ரேங்கை வைத்துக்கொண்டு ஓ.பி.சி. கட்-ஆஃபோடு ஒப்பிட்டு "கிடைக்காது" என்று முடிவுகட்டுவார்கள். ஒதுக்கீட்டு இடங்களின் கட்-ஆஃப் அந்தந்தப் பிரிவின் ரேங்கில்தான் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். பத்து சாய்ஸோடு நிறுத்தாமல் விருப்ப வரிசையில் நூறு போட்டாலும் நஷ்டமில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் முடித்தவர்களுக்கு என்பதை மறக்காதீர்கள்.

எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தயாரிப்பு வகுப்புக்கென்று (நேரடி இடத்துக்கு ரேங்க் எட்டாதவர்களை பி.டெக்.குக்குத் தயார்செய்யும் வகுப்பு) ஐ.ஐ.டி.கள் தனி ரேங்க் பட்டியல் வெளியிடுகின்றன. ஒரு வருடம் படித்துத் தேறினால், மறுபடி ஜே.இ.இ. எழுதாமலே பி.டெக். சேரலாம். ஒரு வருடம் வீண் என்று அதை மறுத்துவிட்டு வரும் குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.