லீன் எண்டு சொல்லி யாட்ல விடுற பிழைகள்

கொங்கிறீட் ஸ்லாப், தூண், மதகுக் குழாய் எல்லாம் யாட்ல முன்கூட்டியே வார்த்து சைட்டுக்கு ஏத்துறதால ஆபத்து கொறஞ்சிட்டு எண்டு கனபேர் நினைக்கிறாங்க. உயரத்துல நிண்டு செய்யுற வேலை கொறஞ்சது உண்மைதான், ஆனா ஆபத்து இப்ப தூக்குறதுலயும் அடுக்குறதுலயும் இரிக்கு. டொயோட்டாக்காரன் கார் பக்டரியில வளத்தெடுத்த, வீண் வேலையக் கொறைக்கிற லீன் முறை இதுக்கு நல்லா உதவும், விளங்காமச் செஞ்சா இன்னும் மோசமாகும்.

பெரிய பிழை, காத்திருக்கிறதெல்லாம் வீண் எண்டு எடுக்கிறது. லீன் சொல்ற ஏழு வீண்ல காத்திருப்பும் ஒண்டுதான், அதுக்காக கொங்கிறீட் இறுகுற நேரத்த அதுல சேர்க்கேலா. 10 அடி நீளம், 3 அடி அகலம், 4 இஞ்சி தடிப்புல ஒரு ஸ்லாப் கிட்டத்தட்ட 680 கிலோ வரும், இண்டைக்கு வார்த்துட்டு மோல்ட் வேணுமெண்டு நாளைக்கு விடியத் தூக்கினா தூக்குறதுக்குப் பதிச்ச வளையக் கம்பி கழண்டு வரும், கீழ நிக்கிறவன்ட கால் போகும். கூடவே வார்த்த கியூப்ப, அதாவது சோதனைக் கட்டிய, உடைச்சி பலத்தப் பாத்துட்டுத்தான் தூக்கணும். செயினும் அப்பிடித்தான், கட்டைச் செயின் போட்டா கெதியா முடியும், ஆனா கூடச் சரிஞ்சு நிக்கும், ரெண்டு கால் செயின் ஸ்லாப்போட 60 பாகையில நிண்டா ஒவ்வொண்டுலயும் பாரத்துல 58 வீதம் விழும், 30 பாகைக்கு இறங்கினா ஒவ்வொண்டுலயும் முழுப் பாரமும் விழும்.

மறுகா 5எஸ், அதாவது வேலையிடத்த பிரிச்சி அடுக்கி துப்பரவா வச்சிருக்கிற முறை. பெரியாக்கள் பாக்க வாறாங்க எண்டா முதல் நாள் மஞ்சக் கோடு அடிக்கிறது, அவங்க போனாப் பொறகு அதே கோட்டு மேல கம்பித் துண்டும் மோல்ட் எண்ணெயும்! இதுக்கு பெயிண்ட் காசு மிச்சம் பிடிச்சிருக்கலாம். பாக்க வேண்டியது ஒரு ஸ்லாப்ப மோல்ட்ல இருந்து லொறி வரைக்கும் எத்தின தரம் தூக்குறீங்க எண்டுறத்தான். அக்கரைப்பற்று சைட்டுக்கு முதல்ல போறது அடுக்குக்கு அடியில கிடந்தா மேல உள்ள எல்லாத்தையும் இறக்கி ஏத்தணும், ஒவ்வொரு தூக்கும் ஒரு ஆபத்து. சைட்ல பொருத்துற ஒழுங்குக்கு வார்த்து அடுக்கினா வேலையும் கொறையும் காயமும் கொறையும், லீன்ட உண்மையான லாபம் இதுதான்.

லீன் எண்டா ஆள் கொறைக்கிறது எண்டு தூக்கும்போது சிக்னல் காட்டுறவன முதல்ல வேலையால நிப்பாட்டுற ஆக்களும் இரிக்காங்க. கச்சான் எண்ட சூட்டுக் காத்து வீசுற காலத்துல பாரமான வேலைய மத்தியானத்துக்குப் போடுறதும் பிழை, வெள்ளன முடிங்க.

டொயோட்டாவுல பிழை கண்டா தொழிலாளியே கயித்த இழுத்து உதவி கூப்பிடுவான், தீராட்டி லைனே நிக்கும். இஞ்சயும் "நிப்பாட்டலாம்" எண்டு போர்ட் போடலாம், ஆனா கல்லுக்கு இவ்வளவு, தூணுக்கு இவ்வளவு எண்டு கூலி குடுத்தா எவன் நிப்பாட்டுவான்? நிண்ட நேரத்துக்கும் கூலி குடுங்க, அதுக்குப் பொறகு போர்ட் போடுங்க.