ஆற்றில் அமலைச் செடி பறிக்கப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

மற்ற ஊர்களில் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்பார்கள். தாமிரபரணிக் கரையில் எங்களுக்கு அது அமலைச் செடி. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுபோலத் தண்ணீர் தேங்குகிற இடங்களில் பச்சைப் பாயாக விரிந்து கிடக்கிறது. அதை அகற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் கூடுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. அந்த உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பறித்ததைப் படித்துறை ஓரத்திலேயே குவித்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம். காலை ஆறு மணிக்கு இறங்கி, பதினொரு மணிக்குள் படித்துறையைச் சுத்தமாக்கினோம். ஒரு வாரத்தில் ஆற்றில் தண்ணீர் கூடியது. குவியலில் பாதி மிதந்துபோய் அடுத்த படித்துறையில் ஒதுங்கி, அங்கே வேர்விட்டுக்கொண்டது. குவியலின் மேல்பகுதி காய்ந்து சருகாகத் தெரிந்தாலும், அடியில் ஈரம் இருக்கும்வரை செடிக்கு உயிர் இருக்கும். சாக்கடை கலந்து, வெயிலும் நன்றாக அடித்தால், அது இரண்டே வாரத்தில் இரு மடங்காகப் பரவிவிடும். வெள்ளம் ஏறாத மேட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காயவிடுங்கள். செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு நாள் வடியவிட்டு ஏற்றினால் டிராக்டர் நடையும் குறையும், வாடகையும் குறையும்.

கத்தரிப்பூ நிறத்தில் பூ வரும்வரை காத்திருப்பதும் தவறு. இதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் முளைக்கும் திறனோடு கிடக்கும். பூக்கும் முன் பறித்தால் மக்கவைத்து உரமாக்கலாம். ஆனால் ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் வளர்ந்த செடி உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும், அதைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள்.

வேலையை ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கினால், மேலேயிருந்து செடி வந்துகொண்டே இருக்கும். மேலிருந்து கீழே வாருங்கள். பறிக்கும் இடத்துக்குக் கீழே மூங்கில் கழி கட்டி வலை போட்டால், நழுவிய துண்டுகளும் தப்பாது.

கரையில் ஏறினால் சீமைக்கருவேலம். இதைக் கணுக்கால் உயரத்தில் வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தளிர் கிளம்பி, அடுத்த வருடம் அது முன்பைவிட அடர்ந்த புதராக நிற்கும். மண்ணைத் தோண்டி, தண்டும் வேரும் சேருகிற வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். அதற்காக ஜேசிபியை வைத்துக் கரை முழுவதையும் ஒரே நாளில் உழுதுவிட்டால், ஐப்பசி மழையில் கரையே கரைந்து ஆற்றுக்குள் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்த இடத்தில் நீர்மருது, நாவல், புங்கை என்று நம் ஆற்றங்கரை மரங்களை உடனே நடுங்கள். காய் பழுப்பதற்கு முன் எடுப்பது நல்லது, ஏனென்றால் ஆடுமாடுகள் அந்தக் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பிவிடும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு ஒன்று உண்டு. பச்சையாக நிற்பதையெல்லாம் களை என்று நினைத்து நாணலையும் சம்பையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். நாணல் கரையைப் பிடித்துவைத்திருக்கிறது. பறவைகள் அதில் கூடு வைக்கின்றன. தாமிரபரணியில் இன்னும் வாழ்கிற நீர்நாய்களுக்கு அந்த மறைவு வேண்டும். சீமைக்கருவேலம் என்று நினைத்து நாட்டுக் கருவேலத்தை வெட்டியதையும் பார்த்திருக்கிறேன். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்த மாலைபோன்ற காயும் இருந்தால் அது நம் கருவேலம். கதிர்போலத் தொங்கும் வெளிர்மஞ்சள் பூவும், இடுக்கு இல்லாத தட்டைக் காயும் இருந்தால் சீமை. தெரியவில்லையா, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள்.

கரையோரம் புதராக மண்டுகிற இன்னொரு களை நெய்வேலிக் காட்டாமணக்கு. அதை வெட்டித் துண்டுகளை ஈரத்தில் விடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் வேர்விடும். களைக்கொல்லி அடிக்கும் யோசனையே வேண்டாம், அந்தத் தண்ணீரைத்தான் ஊர்கள் குடிக்கின்றன.

அப்புறம், பாதுகாப்பு. அமலைப் பாய்க்கு அடியில் ஆழம் தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். ஆற்றை அறிந்த உள்ளூர் ஆள் ஒருவர் முன்னே போகாமல் யாரும் இறங்க வேண்டாம். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்துங்கள். கையில் காலில் காயம் உள்ளவர்களும் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் தொற்றும். நீர்வளத் துறையிடமும் ஊராட்சியிடமும் முன்னமே அனுமதி வாங்கிவிடுங்கள்.

இப்போதெல்லாம் பறிக்கும் தேதியைக் குறிக்கும்போதே, பதினைந்து நாள் கழித்து வரும் ஞாயிறையும் சேர்த்துக் குறித்துவிடுகிறோம். அன்றைக்கு ஐம்பது பேர் வேண்டாம், பத்துப் பேர் வந்தால் போதும். விட்டுப்போன பொடிச் செடிகளைக் கையாலேயே அள்ளிவிடலாம்.