ஒரு வருட வேலைக்கு ஜப்பான் போகிறீர்களா? முதல் மாதத்தை எந்த வரிசையில் ஓட்டுவது

கம்பெனி ஒரு வருடத்துக்கு டோக்கியோ அனுப்புகிறது என்றதும் எல்லாரும் விசா, டிக்கெட், ஜாக்கெட் என்று ஓடுவார்கள். அதெல்லாம் எப்படியும் நடந்துவிடும், எச்.ஆர். பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதப்போவது இறங்கிய பிறகு வரும் நான்கைந்து வாரங்களைப் பற்றி. அங்கே ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கேட்கும். வங்கிக்குப் போன் நம்பர் வேண்டும், போனுக்கு முகவரி போட்ட ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) வேண்டும், கார்டில் முகவரி ஏற உங்கள் பகுதியின் நகராட்சி அலுவலகமான வார்டு ஆபீஸ் போக வேண்டும், அதற்கு வீடு முடிவாகி இருக்க வேண்டும். ஆக வரிசை இதுதான்: வீடு, வார்டு ஆபீஸ், போன், வங்கி. இதை மாற்றிச் செய்தால் ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப லீவு போட வேண்டியிருக்கும், அதுவும் புது ஆபீஸில்.

கிளம்பும் முன்

மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோவதாக இருந்தால் ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில ஜலதோஷ, இருமல் மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, அதனால் பட்டியலைப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

இரண்டாவது, பி.எஃப். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஊரில் பி.எஃப். தொடர்ந்து கட்டிக்கொண்டு டெபுடேஷனில் போகிறவர்கள் இ.பி.எஃப்.ஓ.விடம் கவரேஜ் சான்றிதழ் வாங்கிப் போனால் ஜப்பான் பென்ஷன் பிடிக்க மாட்டார்கள். இது பென்ஷனுக்கு மட்டும்தான், மருத்துவக் காப்பீட்டுக்கு விலக்கு கிடையாது.

மூன்றாவது, மிக்ஸி. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். வீட்டில் இருக்கும் 230 வோல்ட் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனால் அதைவிடக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்காக விற்கும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்குங்கள், கொஞ்சம் மெதுவாக ஓடும், சட்னி அரைபடும். குக்கர் எடுப்பதாக இருந்தால் இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதையே எடுங்கள், சில வீடுகளில் காஸ் அடுப்பே இருக்காது. கருவேப்பிலை, பச்சைக் காய்களைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது.

வீடு

கம்பெனி வீடு கொடுத்தால் இதைத் தாண்டிப் போங்கள். நீங்களே தேடுவதாக இருந்தால், தனியார் வீடுகளுக்கு வழக்கமான ஒப்பந்தம் இரண்டு வருடம். அட்வான்ஸ், வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத ‘ரெய்கின்’, புரோக்கர் கமிஷன், ஜாமீன் கம்பெனிக்குக் கட்டணம் என்று முதல் மாதமே கை வறண்டுவிடும். ஒரு வருடத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது யூ.ஆர். வீடுகள்தான். அரசு சார்ந்த நிறுவனம், ரெய்கின் இல்லை, ஜாமீன்தாரர் வேண்டாம், புரோக்கர் கமிஷனும் இல்லை. வருமான விதி ஒன்று உண்டு, அதற்குச் சம்பளக் கடிதம் கையில் இருக்க வேண்டும். எடோகாவா வார்டில் நிஷிகசாய் பக்கம் இந்தியர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இந்த யூ.ஆர். குடியிருப்புகளும் ஒரு காரணம், டோசாய் மெட்ரோ லைனில் ஏறினால் ஆபீஸ்கள் நிறைந்த ஓட்டெமாச்சிக்கு நேராகப் போய்விடலாம் என்பது இன்னொரு காரணம். துவரம் பருப்புக்கும் இட்லி அரிசிக்கும் அங்கே கடைகள் உண்டு.

சாவி வாங்கும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் விளக்குகூட இருக்காது, கூரையில் மாட்டும் சாக்கெட் மட்டும் இருக்கும். காஸ் திறக்க ஆள் நேரில் வருவார், அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். குடிபோகும் தேதிக்கு முன்பே நேரம் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுடுதண்ணீர் இல்லாமல்தான் முதல் இரவு.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வாங்கிவிட்டால் கிளம்பும்போது குப்பையில் வைக்க முடியாது. இவற்றுக்கும் டி.வி., ஏ.சி.க்கும் மறுசுழற்சிச் சட்டப்படி தனியாகக் காசு கட்டி எடுத்துப்போகச் சொல்ல வேண்டும்.

வார்டு ஆபீஸ்

நரிட்டா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் ரெசிடென்ஸ் கார்டு கையில் கொடுத்துவிடுவார்கள். எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் வார்டு ஆபீஸ் போய் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், கார்டு, அப்புறம் ஜப்பானிய எழுத்தில் அறை எண்ணோடு சேர்த்து எழுதிய முகவரி, இவ்வளவு போதும். கார்டின் பின்பக்கம் முகவரி ஏறும். அங்கேயே குடியிருப்புச் சான்று ஒன்றிரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஆதார் மாதிரியான மை நம்பர் கார்டுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 2024 டிசம்பரில் இருந்து பழைய காப்பீட்டு அட்டைகள் புதிதாகக் கொடுப்பதில்லை, மருத்துவமனையில் இந்தக் கார்டுதான் முதலில் கேட்பார்கள்.

பெயர்

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நம் பெயர்கள் அந்த ஊர்ப் படிவங்களுக்குப் பழக்கமில்லாதவை.

கார்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில், குடும்பப் பெயர் முதலில் வரும். நம்மில் பலருக்கு அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். ஆகவே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், காதைத் தீட்டி வைத்திருங்கள். குடும்பப் பெயர் இடமே காலியாக இருந்தால் ஆன்லைன் படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே போகாது, அப்படிப்பட்டவர்கள் நேராகக் கிளைக்குப் போவதுதான் வழி.

ஆனால் உண்மையான சிக்கல் கதகானா, அதாவது வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுதும் ஜப்பானிய எழுத்து. ஜப்பானில் பணப் பரிமாற்றம் நடப்பது கதகானாவில் எழுதிய பெயரை வைத்து. செந்தில் என்ற பெயரை ஒருவர் ‘சென்திரு’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘சென்சிரு’ என்று எழுதுவார், இரண்டுமே அவரவர் காதுக்குச் சரிதான். வங்கிக் கணக்கில் ஒன்றும் சம்பளப் படிவத்தில் இன்னொன்றும் இருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். எனக்கு முதல் சம்பளம் வராமல் போனது இப்படித்தான். வங்கியில் நான் கொடுத்த எழுத்து ஒன்று, சம்பளப் பிரிவில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தானாகத் தட்டியது வேறொன்று. ஒரே ஒரு சின்ன எழுத்துதான் வித்தியாசம், வாடகை நாள் நெருங்கும்போது அந்த ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வார்டு ஆபீஸ் போவதற்கு முன்பே ஆபீஸில் ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் பெயரைச் சொல்லிக்காட்டி கதகானாவில் எழுதி வாங்குங்கள். அதைப் போனில் போட்டோவாக வைத்துக்கொண்டு எல்லாப் படிவத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள். வார்டு ஆபீஸ், போன், வங்கி, காஸ், எல்லாவற்றிலும். நீளமான பெயர் வங்கியின் கட்டத்துக்குள் அடங்காமல் வெட்டப்படலாம். அப்படியானால் வெட்டப்பட்ட வடிவமே உங்கள் கணக்குப் பெயர். கணக்குத் தொடங்கியதும் பாஸ்புக் பக்கத்தையோ ஆப்பில் பெயர் தெரியும் திரையையோ படம் எடுத்து சம்பளப் பிரிவுக்கு அனுப்பி, “இதில் இருப்பது போலவே, இடைவெளி உட்பட” என்று எழுதுங்கள்.

போனும் வங்கியும்

ஏர்போர்ட்டில் விற்கும் டேட்டா சிம்மை நம்பி வங்கிக்குப் போகாதீர்கள், 070, 080, 090 என்று தொடங்கும் குரல் அழைப்பு நம்பர்தான் கேட்பார்கள். ஆறு மாதம் ஆகாத வெளிநாட்டவருக்குக் கணக்கு தர பல வங்கிகள் தயங்கும். கம்பெனி சம்பளம் போடும் வங்கி எதுவோ அங்கேயே, எச்.ஆர். கடிதத்தோடு போங்கள். தனியாக அலைந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடிதம் இருந்தால் பேச்சே வேறு. மொழிக்கு நான் வைத்திருந்தது வாய்ஸ்டிரா ஆப், ஜப்பானிய அரசின் ஆய்வு நிறுவனம் செய்தது, இலவசம், கவுண்ட்டர் பேச்சுக்கு எனக்கு அதுதான் ஒத்துவந்தது. கடிதம், நோட்டீஸ் படிக்க கூகுள் டிரான்ஸ்லேட்டில் உள்ள கேமரா.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டை இங்கே சேர்க்கிறேன். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் சுய்கா (ரயில், பஸ்ஸில் தொட்டுக் காசு கட்டும் கார்டு) ஏன் ஏறவில்லை என்றால், அதற்கான ஃபெலிகா என்ற சிப் வசதி ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் இருக்காது. ஐபோனில் ஏறும். மற்றவர்கள் பிளாஸ்டிக் கார்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்து, டிபெண்டன்ட் விசாவில் வரும் துணைவர் வேலை பார்க்கலாமா என்றால், குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பார்க்கலாம்.

ஒருவர் எழுதியது எல்லாருக்கும் உதவும். அவர் ஏப்ரலில் வந்து மார்ச்சில் ஊர் திரும்பியவர், ஜூனில் வரி பில் வந்திருக்கிறது. உள்ளூர் குடியிருப்பு வரி ஜனவரி 1 அன்று முகவரி எங்கே இருக்கிறதோ அந்த ஊருக்குப் போகும், முந்தைய வருட வருமானத்துக்கு, அதுவும் ஜூனில் இருந்துதான் பில் போடுவார்கள். வருடக் கடைசியைத் தாண்டி இருக்கப்போகிறவர்கள் கிளம்பும் முன் வார்டு ஆபீஸில் முகவரி நீக்கப் போகும்போதே வரிப் பிரிவுக்கும் போய், உங்கள் சார்பில் கட்டுவதற்கு ஜப்பானில் இருக்கும் ஒருவரை நியமித்துவிடுங்கள். அந்தப் பணம் கட்டி முடியும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.