புல்வெளித் தீயைக் கணினியில் பின்தொடர்வது எப்படி? கன்சாஸிலிருந்து ஒரு செய்முறை

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டாவுக்குக் குடிவந்த முதல் ஏப்ரலில், ஒரு மாலை வீடு முழுக்கப் புகை நெடி. செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தைத் திறந்தேன். ஊருக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள். பாஸ்போர்ட்டையும் நகையையும் இரண்டு செட் துணியையும் பையில் திணித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஓடினேன். அவர் செடிக்குத் தண்ணீர் விடுவதைக்கூட நிறுத்தவில்லை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான் என்றார்.

அந்தப் பையைப் பிரித்த இரவில்தான் இதைக் கற்க உட்கார்ந்தேன். ஃபர்ம்ஸைத் திறப்பது, இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில், அந்தத் தீ ஏன் என்று தெரிய வேண்டும். ஃப்ளின்ட் ஹில்ஸ் என்னும் இந்தக் குன்றுப் பகுதியில் மேல்மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறையும் தீத்தட்டிக் கல்லும். ஏர் இறங்காது. அதனால்தான் வட அமெரிக்காவில் ஆளுயரப் புல் வளரும் பிரெய்ரி என்ற பரந்த புல்வெளி வேறெங்கும் உழவுக்குப் போய்விட்ட பிறகும் இங்கே பெரிய பரப்பில் மிஞ்சியிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பழைய புல்லைக் கொளுத்தினால் மாடுகளுக்கு இளம்புல் கிடைக்கும், செந்தேவதாரு மரக்கன்றுகளும் கருகும். கொளுத்தாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புல்வெளி மரக்காடாகிவிடும். மன்ஹாட்டன் நகருக்கு அருகே உள்ள கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் வெவ்வேறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை வேறுவேறு இடைவெளியில் எரித்து இதைத்தான் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கன்சாஸிலும் ஒன்று இருக்கிறது.)

படி 1: வரைபடத்துக்கு முன் வானிலை

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் தினமும் தீ வானிலைக் கணிப்பு வெளியிடுகிறது. ஆபத்து ஏறும் வரிசையில் எலிவேட்டட், கிரிட்டிக்கல், எக்ஸ்ட்ரீம்லி கிரிட்டிக்கல் என்று மூன்று நிலை. அதோடு உள்ளூர் வானிலை அலுவலகம் ரெட் ஃபிளாக் எச்சரிக்கை (தீ வேகமாகப் பரவும் வானிலை என்று பொருள்) விட்டிருக்கிறதா என்று பாருங்கள். காற்றும் ஈரப்பதமும் இந்த நிமிடம் எவ்வளவு என்று அறிய எனக்குப் பிடித்தது கன்சாஸ் மெசோநெட் என்ற வானிலை நிலையங்களின் வலையமைப்பு. நிறைய வண்ணம் காட்டும் வானிலைச் செயலிகளை நான் இதற்கு நம்புவதில்லை.

"நேற்றுதானே மழை பெய்தது" என்று நினைக்காதீர்கள். பருத்த கட்டை காய நாட்கணக்காகும். புல்லுக்கு வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் போதும். இன்னொன்று: போன கோடையில் நல்ல மழை என்றால் இந்த வசந்தத்தில் எரிய அவ்வளவு புல் நிற்கிறது என்று அர்த்தம்.

படி 2: புள்ளியைப் படிப்பது

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

சிவப்புப் புள்ளி என்பது தீ நிற்கும் இடம் அல்ல. செயற்கைக்கோளில் இருக்கும் வியர்ஸ் என்ற கருவி தரையை ஏறத்தாழ 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் சுமார் 35 ஏக்கர். அதற்குள் எங்கேயோ சூடு தெரிந்தால் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைக்கப்படும். மோடிஸ் என்ற இன்னொரு கருவியின் கட்டம் 1 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழம்பாதீர்கள், வரைபடத்தில் மோடிஸ் புள்ளிகளை அணைத்துவிடுங்கள். புள்ளிக்குப் பதில் தீப்பிழம்புப் படம் போட்டுக் காட்டும் செயலிகள் எனக்கு ஆகவே ஆகாது. உங்கள் வீட்டுக் கூரைமேலேயே தீ எரிகிற மாதிரி இருக்கும்.

அடுத்தது நேரம். ஒருநாள் இரவு எட்டு மணிக்குப் பார்க்கிறேன், பக்கத்து ஊரான எல் டொராடோவைத் தாண்டி ஒரு புள்ளிக் கூட்டம், நேரம் 19:50. பத்து நிமிடம் முன்புதான் பற்றியிருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். கரிந்த தரையும் அடங்கிப்போன புகையும்தான் இருந்தன. 19:50 என்பது உலகப் பொது நேரம், யூடிசி. கன்சாஸில் அது பிற்பகல் 2:50. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டியே பழகிய மண்டை, இங்கே கழிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டது. கழிப்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது: மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 6 மணி கழிக்க வேண்டும், அன்றிலிருந்து 5. தீப் பருவத்தின் நட்டநடுவில்தான் கடிகாரத்தை மாற்றுகிறார்கள்!

வியர்ஸ் சுமந்த செயற்கைக்கோள்கள் ஒரு இடத்தின் மேல் பிற்பகலில் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறை என்றுதான் கடக்கின்றன. மாலை ஐந்துக்கு வைத்து ஏழுக்கு அணைந்த புல்தீ இந்த இடைவெளியில் மொத்தமாக நழுவிவிடும். மரக்காட்டுத் தீ நாள்கணக்கில் கனன்று மாட்டிக்கொள்ளும், புல் அப்படிக் காத்திருக்காது.

அந்த இடைவெளியை அடைக்க, ஒரே பகுதியை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்லைடர் தளத்தில் சூட்டைக் காட்டும் 3.9 மைக்ரான் அலைவரிசையைத் தேர்ந்து ஓடவிடுங்கள். கட்டம் பெரிது, 2 கிலோமீட்டர், இடம் துல்லியமாக இராது. ஆனால் சூடு எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

படி 3: காற்று திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தென்றல் தெற்கிலிருந்து வரும், வாடை வடக்கிலிருந்து வரும் என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் காற்றுக்குப் பெயர் அது கிளம்பும் திசைதான். தென்மேற்குக் காற்று தீயை வடகிழக்கே தள்ளும்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடக்கு நீட்சியான பான்ஹேண்டிலில் ஸ்டின்னெட் அருகே பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, மேற்குக் காற்றில் கிழக்கே ஓடி, கனேடியன் என்ற ஊரை நெருக்கி, ஓக்லஹோமா எல்லையையும் தாண்டியது. ஒல்லியாக, நீளமாக. மறுநாள் குளிர்முகப்பு (குளிர்காற்றின் முன்விளிம்பு) வந்து காற்று வடக்குக்கு மாறியதும், அதுவரை மெதுவாக ஊர்ந்த தெற்கு ஓரம் முழுவதுமே ஒரே வரிசையாகத் தெற்கே பாயத் தொடங்கியது. கடைசியில் எரிந்தது 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கர். டெக்சஸ் வரலாற்றிலேயே பெரிது.

அதனால் தீயின் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தேசிய வானிலை சேவையின் மணிவாரிக் கணிப்பில் காற்றுத் திசை எப்போது தாவுகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் நீண்ட ஓரத்தின் எதிரே எந்த ஊர் இருக்கிறது? நான் முதலில் தேடுவது அதைத்தான்.

படி 4: வைத்த தீயா, பரவிய தீயா?

என் கணக்கு இது. ஏப்ரல், மிதமான காற்று, எச்சரிக்கை இல்லை, ஃப்ளின்ட் ஹில்ஸின் சேஸ், கிரீன்வுட், பட்லர் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன என்றால் பெரும்பாலும் பண்ணைக்காரர் வேலை. பலத்த காற்று, எச்சரிக்கை, காற்றுப் போகும் திசையிலேயே ஒற்றைக் கோடாகப் புள்ளிகள் நீண்டால் கவலைப்படுங்கள். 2017 மார்ச்சில் மேற்கே கிளார்க் கவுண்டியைச் சுட்டுப்போட்ட ஸ்டார்பக் தீ இந்த இரண்டாம் வகை. எப்படியானாலும், வெளியேறச் சொல்லிக் கவுண்டி அறிவித்தால் வரைபடத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு எரிந்தது என்று பிறகு பார்க்க கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதும், குறுஅலை அகச்சிவப்புக் காட்சியில். ஆனால் ஓரிரு வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். ஏப்ரலில் கரிந்த இடம் மே மாதம் பச்சையாகிவிடும்.

சேர்க்கை: தினமும் ஒரே இடத்தில் புள்ளி வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பெரும்பாலும் எண்ணெய்க் கிணற்றில் எரிவாயுவை எரிப்பது. 7 நாள் காட்சிக்கு மாற்றுங்கள், புல்தீ நகர்ந்திருக்கும், இது நகர்ந்திருக்காது.

இன்னொரு சேர்க்கை: கண்ணெதிரே புகை, வரைபடத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு வாசகி எழுதினார். அன்றைய கோஸ் படத்தைப் பார்த்தேன், அவர் ஊர் மேல் கனத்த மேகம். மேகத்துக்கு அடியில் எரிவதை இந்தக் கருவிகளால் பார்க்க முடியாது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.